பதக்கம் போக மிஞ்சுவது

சோவியத் ஐஸ் டான்ஸ் வீராங்கனை லுத்மிலா பகோமோவாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எண்களிலிருந்து தொடங்குவார்கள். அலெக்சாந்தர் கோர்ஷ்கோவுடன் சேர்ந்து ஆறு உலகப் பட்டங்கள், ஆறு ஐரோப்பியப் பட்டங்கள், ஐஸ் டான்ஸ் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1976 இன்ஸ்புரூக்கில் தங்கம். அடுத்து, இங்கிலாந்துக்காரர்களின் நடன மண்டபத்துப் பொழுதுபோக்காக இருந்ததைக் கலையாக்கியவர் என்பார்கள். கடைசியில் 39 வயதில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோன கதை வரும். மூன்றும் சேர்ந்து சுவரில் ஒரு படமாகத் தொங்கிவிடுகின்றன. மாலை போட்ட படத்தை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டுமானால் முதலில் மாலையைக் கழற்றியாக வேண்டும்.

ஆகவே மரணத்தை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். 1946 டிசம்பர் 31 அன்று மாஸ்கோவில் பிறந்து, 1986 மே 17 அன்று அதே ஊரில் இறந்தவர் பகோமோவா. அது துயரம். ஆனால் ஒருவர் சீக்கிரம் போய்விட்டார் என்பதால் அவர் ஆடிய ஆட்டத்தின் தரம் கூடுவதில்லை. எஞ்சிய இரண்டையும், அதாவது பதக்கங்களையும் புரட்சி என்ற பேச்சையும், தராசில் வைத்துப் பார்க்கலாம்.

அதற்குமுன் இந்த ஆட்டம் எதைக் கேட்கிறது என்று சொல்லிவிட வேண்டும். ஐஸ் ஸ்கேட்டிங்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் பிரிவுகள் இரண்டு. ஒன்றில் ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவார், வீசுவார், அவள் காற்றில் சுழன்று இறங்குவாள். கூட்டம் கைதட்டுவது அங்கேதான். ஐஸ் டான்ஸில் அந்த வித்தைகளுக்கு இடமில்லை. இருவரும் நெருங்கியே ஆட வேண்டும், கால் தாளத்தைவிட்டு விலகக் கூடாது. ஸ்கேட்டின் இரும்புத் தகட்டின் அடிப்பகுதி தட்டையானதல்ல. நடுவில் பள்ளம், இரு புறமும் இரண்டு விளிம்புகள். எந்த விளிம்பில் சாய்கிறார்கள், அந்த வளைவை எத்தனை எண்ணிக்கைக்குத் தளராமல் பிடிக்கிறார்கள், அடுத்த விளிம்புக்கு எவ்வளவு சத்தமின்றி மாறுகிறார்கள் என்பதுதான் சாமர்த்தியம். விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். விளிம்பு தட்டையாகிப் போனால் தேர்ந்த கண்ணுக்கு மட்டுமே தெரியும். இப்படிப்பட்ட ஆட்டத்தில் மதிப்பெண் என்பதே பாதி கருத்துதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டே அவருடைய பதக்கங்களை எண்ண வேண்டும்.

பகோமோவாவுக்குக் கிடைத்த களம் எப்படிப்பட்டது? உலகப் போட்டிகளில் ஐஸ் டான்ஸ் 1952இல் சேர்ந்தது. அமெரிக்க அணியினர் விமான விபத்தில் மாண்டதால் 1961 போட்டி நடக்கவில்லை. அதை விட்டுவிட்டால் 1969 வரை 17 போட்டிகள். அவற்றில் 13 பட்டங்கள் பிரிட்டிஷ் ஜோடிகளுக்கு. நடுவில் 1962 முதல் 1965 வரை நான்கு பட்டங்கள் செக்கோஸ்லோவாக்கியாவின் எவா ரொமனோவா, பாவெல் ரோமான் என்ற உடன்பிறப்புகளுக்கு. சோவியத் பெயர் அந்தப் பட்டப் பட்டியலில் எங்குமே இல்லை. நிமிர்ந்த முதுகு, அடக்கமான தோள், மண்டப நடனத்தின் கச்சிதமான பிடி என்பதே இலக்கணம். எல்லா ஜோடிகளும் ஒரேபோல ஆட வேண்டியிருந்த கட்டாய நடனங்களில் பலவும் 1930களின் லண்டனில் உருவானவை. அவற்றை இயற்றியவர்களின் நாட்டுக்காரர்களே அவற்றை ஆடி வென்றுகொண்டிருந்தார்கள்.

இந்தக் களத்துக்குப் பகோமோவா முதலில் வந்தது விக்தர் ரீஷ்கினுடன். அவர்கள் சோவியத் சாம்பியன்கள். உள்நாட்டில் அதற்கு மேல் ஏற இடமில்லை. வெளிநாட்டிலோ அந்த ஜோடி பத்து ஜோடிகளில் ஒன்றாக நின்றது. 1966இல் அந்த ஜோடி பிரிந்தது. பகோமோவா தேர்ந்துகொண்ட புதிய துணை கோர்ஷ்கோவ்: தன் வயதுக்காரர், பெயர் சொல்லும்படியான வெற்றி எதுவும் இல்லாதவர். பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்ட எலேனா சைக்கோவ்ஸ்கயாவும் அப்போது இளம் பயிற்சியாளர். தேசிய சாம்பியனாக இருக்கும் ஒரு பெண் பட்டத்தைக் கையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முகம் தெரியாத ஒருவருடன் முதல் படியிலிருந்து ஏறத் தொடங்குவது சாதாரணத் துணிச்சல் அல்ல. 1967 உலகப் போட்டியில் 13ஆவது இடம். 1968இல் 6. 1969இல் வெள்ளி. 1970இல் லூப்லியானாவில் தங்கம்.

இந்த ஏற்றத்தை நான் பதக்கங்களைவிடக் கனமாக எடைபோடுகிறேன். காரணம் உண்டு. அந்தக் காலத்து ஐஸ் டான்ஸ் வரிசை முறையில் நகர்ந்த விளையாட்டு. முன்னால் நிற்கிறவர் ஓய்வு பெற்றால்தான் பின்னால் நிற்கிறவருக்கு இடம். அப்படிப்பட்ட வரிசையில் மூன்று ஆண்டுகளில் 13இலிருந்து 1க்கு வருவதை நடுவர்களின் தயவால் மட்டும் விளக்கிவிட முடியாது. நடுவர்களின் பழக்கத்தை உடைத்துக்கொண்டுதான் அவர்கள் வந்தார்கள்.

ஆனாலும் கழிக்க வேண்டியதைக் கழிக்கத்தான் வேண்டும். லூப்லியானாவில் அமெரிக்காவின் ஜூடி ஷ்வோமெயர், ஜேம்ஸ் ஸ்லாட்கி ஜோடியை அவர்கள் வென்றது மிகக் குறுகிய வித்தியாசத்தில். 1972இல் கோதன்பர்க் ஐரோப்பியப் போட்டியில் மேற்கு ஜெர்மனியின் அங்கெலிகா, எரிக் புக் ஜோடியிடம் தோற்றார்கள். அந்த புக் ஜோடி 1971 முதல் 1973 வரை மூன்று உலகப் போட்டிகளிலும் இவர்களுக்கு அடுத்த இடத்தில் நின்றது. எட்டாத உயரத்தில் இருந்து ஆண்ட ராணி என்ற சித்திரம் சரியில்லை. ஒவ்வோர் ஆண்டும் மூச்சுப் பிடித்துக் காத்த பட்டம் அது. இன்னொரு நிழலும் உண்டு. தன் நாட்டவருக்குச் சாய்ந்து மதிப்பெண் போடுகிறார்கள் என்று சொல்லிச் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் 1978ஆம் ஆண்டுக்குச் சோவியத் நடுவர்கள் அனைவரையும் தள்ளிவைத்தது. பகோமோவா அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே விலகிவிட்டார் என்றாலும், அப்படியொரு தண்டனைக்குக் காரணமான பழக்கம் ஒரே இரவில் முளைத்திருக்காது.

இந்தச் சந்தேகத்தை அவருக்கு எதிராக எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்? ஒரு சோதனை இருக்கிறது. 1975இல் கோபன்ஹேகனில் ஐரோப்பியப் பட்டத்தை வென்ற கையோடு கோர்ஷ்கோவ் நோயில் விழுந்தார். நுரையீரலில் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு உலகப் போட்டியில் அவர்களால் ஆட முடியவில்லை. பட்டம் இரினா மொய்சேயெவா, அந்திரேய் மினென்கோவ் என்ற இன்னொரு சோவியத் ஜோடிக்குப் போனது. அடுத்த ஆண்டு இன்ஸ்புரூக்கில் நடப்பு உலகச் சாம்பியன்களான அதே ஜோடியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளித்தான் பகோமோவாவும் கோர்ஷ்கோவும் தங்கம் வாங்கினார்கள். இரு பக்கமும் ஒரே கொடி. அங்கே தேசச் சாய்வுக்கு வேலை இல்லை. இளையவர்கள், பட்டம் கையில் உள்ளவர்கள், நோய் தொடாதவர்கள் ஒரு பக்கம். நெஞ்சைக் கிழித்துத் தைத்து ஓராண்டு ஆனவர் மறுபக்கம். வென்றது மறுபக்கம். ஆறு உலகப் பட்டங்களில் ஒன்றிரண்டைச் சந்தேகத்தின் பேரில் விட்டுக்கொடுத்தாலும் அவருடைய இடம் அசையாது என்பதற்கு இந்தத் தங்கம் போதும். ஆறு என்ற எண்ணிக்கையைப் பின்னால் வந்த எந்த ஜோடியும் எட்டவில்லை. பிரான்சின் பாப்பதாகிஸும் சிசெரோனும் ஐந்தோடு நின்றார்கள்.

புரட்சி என்ற பேச்சுக்கு வருவோம். பகோமோவா நாடகக் கல்லூரி மாணவி. மாஸ்கோவின் கிதிஸ் என்னும் அரசு நாடகக் கலை நிறுவனத்தில் படித்தவர். சைக்கோவ்ஸ்கயாவும் அங்கே பயின்றவரே. ஆகவே பாலேயின் கை, நாட்டுப்புற ஆட்டத்தின் துள்ளல், நடிகையின் முகம் மூன்றையும் ஐஸுக்குக் கொண்டுவந்தார் என்பது உண்மை. ஆனால் அவர்தான் முதல்வர் என்பது மிகை. மண்டப நடனத்தின் விறைப்பைத் தளர்த்தும் வேலையை ரொமனோவாவும் ரோமானும் ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள். கதவு முன்பே திறந்திருந்தது. பகோமோவா அதன் வழியே ஒரு முழு நாடகக் குழுவையே உள்ளே கூட்டி வந்தார் என்பதே நியாயமான கணக்கு.

கூட்டி வந்ததற்கு விலையும் உண்டு. அவருக்குப் பின் சோவியத், ரஷ்ய ஐஸ் டான்ஸ் மேலும் மேலும் நாடகத்தின் பக்கம் சாய்ந்தது. முகத்தில் வேதனை, கழுத்தில் திருப்பம், விரிந்த கை, கீழே எளிமையான காலடி என்ற சூத்திரம் உருவானது. மேற்கிலும் அதே நோய் பரவியது. இது நடனமா, ஊமை நாடகமா என்ற சர்ச்சை முற்றி, 1990களின் தொடக்கத்தில் சம்மேளனம் விதிகளை இறுக்கி ஆட்டத்தைத் தாளத்தின் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. அந்தச் சறுக்கலின் முதல் படியில் பகோமோவாவின் பெயர் இருக்கிறது என்று ஒருவர் வாதிட்டால், பழி அபாண்டம் என்று தள்ளிவிட முடியாது.

என்றாலும் அவருடைய ஆட்டத்தின் பதிவுகளைப் பார்க்கையில் வித்தியாசம் தெரிகிறது. ‘லா கும்பர்சீதா’ டாங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தலையைத் திருப்புகிறார். அந்தத் திருப்பம் தாளத்தின் மேலேயே விழுகிறது, அதே கணத்தில் காலின் விளிம்பு மாறுகிறது. முகபாவம் காலடியின் விளைவாக வருகிறது. பரதநாட்டிய மேடையில் அடவு சுத்தமில்லாமல் அபிநயத்தால் மட்டும் சபையைக் கட்டிப்போடப் பார்ப்பவரையும், அடவுக்குள்ளிருந்தே பாவத்தை எடுப்பவரையும் நம் ரசிகர்கள் பிரித்தறிவார்களே, அந்தப் பிரிவினைதான் இங்கேயும். பின்வந்தவர்கள் பலர் எடுத்துக்கொண்டது பகோமோவாவின் முகத்தை. காலடி எளிதில் கைவராததால் அதை விட்டுவிட்டார்கள். குரு செய்த பிழை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பாணி இவ்வளவு எளிதாகக் கேலிச்சித்திரமாகத் திரிய முடிந்தது என்றால், அந்தப் பாணிக்குள்ளேயே அதற்கான ஆபத்து இருந்திருக்கிறது.

இந்த வழக்கில் என்னைப் பொறுத்தவரை முடிவான சாட்சி ஒன்று உண்டு: 1974இல் பகோமோவா, கோர்ஷ்கோவ், சைக்கோவ்ஸ்கயா மூவரும் சேர்ந்து இயற்றிய ‘டாங்கோ ரொமான்டிகா’. சம்மேளனம் அதைக் கட்டாய நடனங்களில் சேர்த்துக்கொண்டது. கட்டாய நடனம் என்றால் எல்லா ஜோடிகளும் அதே காலடிகளை, அதே வரிசையில், ஐஸின் மேல் வரைந்து வைத்த அதே பாதையில் ஆட வேண்டியிருந்தது. சொந்தக் கதைக்கு இடமிருக்கவில்லை, நட்சத்திரத்தின் முகத்துக்கும் இடமிருக்கவில்லை. பகோமோவாவின் கலை வெறும் கவர்ச்சியாக இருந்திருந்தால் இந்தச் சட்டகத்துக்குள் வந்ததும் உலர்ந்து போயிருக்கும்.

உலரவில்லை என்பதைக் காண இன்னொரு டாங்கோவை அருகே வைக்கலாம். 1934இல் லண்டனில் ரெஜினால்ட் வில்கியும் டாஃப்னி வாலிஸும் இயற்றிய ‘அர்ஜென்டைன் டாங்கோ’. அதுவும் கட்டாய நடனம். அதுவும் நல்ல படைப்பே. இரண்டையும் ஒப்பிட ஒரு வாய்ப்பைச் சம்மேளனமே 2018–19 பருவத்தில் தந்தது: ஜூனியர்களுக்கு அர்ஜென்டைன் டாங்கோ, சீனியர்களுக்கு டாங்கோ ரொமான்டிகா. பழையதன் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு, புதியதற்கு 112. கணக்குப்படி புதியதுதான் விரைவு. ஆனால் கண்ணுக்கு அது மெதுவாகவே தெரிகிறது. பழைய டாங்கோ விறைப்பைக் காட்டுகிறது: பிடி இறுக்கம், பாய்ச்சல், வெட்டு. ரொமான்டிகாவில் முழங்கால் தாழ்ந்து தாழ்ந்து எழுகிறது, பிடி மாறிக்கொண்டே போகிறது, ஒரு வளைவு முடியும் இடம் தெரியாமல் அடுத்தது தொடங்குகிறது. விரைவான தாளத்தின் மேல் நிதானத்தைப் படரவிடும் இந்த உத்தியில்தான் பகோமோவா மேடையில் முகத்தாலும் கையாலும் செய்த வேலை காலடியாகப் பதிவாகியிருக்கிறது. யார் ஆடினாலும், சரியாக ஆடினால், அந்தக் குழைவு வந்தே தீரும். ஒருவருடைய உடம்பில் மட்டும் வாழ்ந்த ஒன்று இன்னொருவர் உடம்புக்கு மாற்றத்தக்க சொத்தாகிவிட்டது.

கட்டாய நடனம் இயற்றியவர்கள் வேறு யாருமில்லையா? உண்டு. பகோமோவாவிடம் தோற்ற ஷ்வோமெயரும் ஸ்லாட்கியும் ‘யாங்கி போல்கா’வைத் தந்தார்கள். புக் ஜோடி ‘ராவன்ஸ்பர்கர் வால்ட்ஸ்’ தந்தது. பின்னாளில் சோவியத் ஜோடியான கிளிமோவாவும் பனமரென்கோவும் ‘கோல்டன் வால்ட்ஸ்’ தந்தார்கள். ஆகவே, இயற்றினார் என்பதாலேயே பகோமோவா தனித்து நிற்பதில்லை. தனித்து நிற்பது இயற்றியதன் வகையால். பெரும்பாலானவை ஒரு மண்டப நடனத்தை ஐஸுக்குப் பெயர்த்தன. ரொமான்டிகா ஒரு மனநிலையைக் காலடியாக்கியது.

இங்கே ஒரு எதிர்வாதத்தைத் தாண்டிப் போக முடியாது. மூவர் செய்ததை ஒருவர் கணக்கில் எழுதலாமா? பகோமோவா எரியும் திரி, கோர்ஷ்கோவ் வெறும் தண்டு என்பது பழைய பேச்சு. பதிவுகளைக் கவனித்துப் பார்த்தால் அது பாதி உண்மையே. கோர்ஷ்கோவின் முதுகு நேராக நிற்பதால்தான் பகோமோவாவின் வளைவு வளைவாகத் தெரிகிறது. அவர் தாளத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் பகோமோவாவால் அதன் மேல் விளையாட முடிகிறது. சைக்கோவ்ஸ்கயாவின் பங்கும் சிறிதல்ல. லினிச்சுக், கர்பனோசவ் ஜோடியை வளர்த்து 1980 ஒலிம்பிக் தங்கத்தையும் எடுத்துக் காட்டியவர் அவர். பகோமோவா இல்லாமலும் அவரால் சாம்பியன்களை உருவாக்க முடிந்தது. ஆகவே ‘மேதை ஒருத்தி’ என்ற வாசகத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த மூவரில் யாருடைய குணம் நடனத்தின் குணமாயிற்று என்று கேட்டால், பதில் பகோமோவாவிடம்தான் போய் முடிகிறது.

ஆசிரியராக அவரை மதிப்பிடுவது கடினம். 1976இல் போட்டிகளிலிருந்து விலகிய பிறகு கிதிஸில் கற்பித்தார், பயிற்சியாளராக ஐஸ் களத்தில் நின்றார். பத்து ஆண்டுகள், அதிலும் பாதிக்கு மேல் நோயோடு. அவரிடம் கற்ற நத்தாலியா அன்னென்கோ, கென்ரிக் ஸ்ரெத்தென்ஸ்கி ஜோடி 1988 கால்கரி ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தது. தாத்தியானா கிளாத்கோவா, இகோர் ஷ்பில்பாந்த் ஜோடி 1983 உலக ஜூனியர் பட்டம் வென்றது. சீனியர் உலகச் சாம்பியன் என்று சொல்ல ஒருவருமில்லை. அதே பத்தாண்டில் தாத்தியானா தராசோவா போன்ற பயிற்சியாளர்கள் குவித்த பட்டங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய அறுவடை. நோயைக் காரணம் காட்டி இதைப் பெரிதாக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு வாய்க்கால் நீண்ட தூரம் ஓடியது. ஷ்பில்பாந்த் 1990இல் சோவியத் நாட்டைவிட்டுப் போய் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் தங்கிப் பயிற்சியாளரானார். மரீனா ஸுயேவாவோடு சேர்ந்து அவர் வளர்த்த இரண்டு ஜோடிகள், கனடாவின் டெஸ்ஸா வர்ச்சுவும் ஸ்காட் மோயரும், அமெரிக்காவின் மெரில் டேவிஸும் சார்லி ஒயிட்டும், 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தங்கமும் வெள்ளியும் எடுத்தார்கள். அந்த ஒலிம்பிக்கின் கட்டாய நடனம் டாங்கோ ரொமான்டிகா. கட்டாயச் சுற்று முடிந்தபோது முதலிடத்தில் நின்றது ரஷ்யாவின் தோம்னினா, ஷபாலின் ஜோடி; போட்டி முடிந்தபோது அவர்களுக்கு வெண்கலம். ரஷ்யா கோட்டைவிட்ட அந்தப் போட்டியில் வென்றவர்கள் பகோமோவாவின் மாணவரிடம் படித்தவர்கள், எல்லோரும் ஆடியது பகோமோவாவின் நடனம். அதுவே ஒலிம்பிக்கில் ஆடப்பட்ட கடைசிக் கட்டாய நடனம். அந்தப் பருவத்தோடு கட்டாயச் சுற்றே ஒழிக்கப்பட்டது; அந்த நடனங்கள் மட்டும் பிறகு வேறு சுற்றுக்குள் இடம்பெற்றன. ஷ்பில்பாந்தின் சாதனையை அவருடைய பழைய ஆசிரியையின் கணக்கில் வரவு வைப்பது அநியாயம். ஆனால் விளிம்பை மதிக்கும், தாளத்தைவிட்டு நாடகத்தைத் தனியாக ஓடவிடாத ஒரு பள்ளி, சோவியத் எல்லையைத் தாண்டியும் உயிரோடு இருந்தது என்பதற்கு அது சான்று. நாடகச் சறுக்கலின் பழியைப் பகோமோவா மேல் ஏற்றுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் எழுதியாக வேண்டும்.

இனித் தீர்ப்பு. ஐஸ் டான்ஸில் உச்சம் என்றதும் பலரும் பிரிட்டனின் டார்வில், டீன் ஜோடியின் 1984 ‘பொலேரோ’வைச் சொல்வார்கள். ஒற்றை நிகழ்த்தலின் உச்சம் என்ற அளவில் நானும் ஒப்புக்கொள்கிறேன். பகோமோவாவின் எந்த ஒரு நிகழ்ச்சியும் அதற்கு ஈடாக நிற்காது. போட்டியாளர் என்ற வகையில் அவர் முதல் வரிசைக்காரர். அந்த வரிசையில் முதல்வரா என்றால், குறுகிய வெற்றிகளையும் காலத்தின் நடுவர்களையும் கணக்கில் எடுத்து, ஆம் என்று சொல்லத் தயங்குகிறேன். புதுமைக்காரர் என்ற பட்டத்தில் பாதியை ரொமனோவா, ரோமானுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆசிரியர் என்ற வகையில் நல்ல தொடக்கம், முற்றுப்பெறாத பணி.

இத்தனை கழித்தலுக்குப் பிறகும் ஒரு நெடுவரிசையில் அவருக்கு முழு மதிப்பெண் போடுவேன். ‘பொலேரோ’வை இன்னொருவர் ஆடினால் அது நகல். டாங்கோ ரொமான்டிகாவை நூறு ஜோடிகள் ஆடினாலும் ஒவ்வொன்றும் அசல்தான், ஏனென்றால் அது ஆடுகிறவர்களுக்காகவே எழுதப்பட்டது. உணர்ச்சி என்பது சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் என்று நம்பிய ஒரு விளையாட்டில், அதைக் கற்றுக்கொள்ளலாம், அளக்கலாம், திருத்தலாம் என்று காலடிகளால் நிறுவிக் காட்டியதே பகோமோவாவின் சாதனை. ஆறு உலகப் பட்டங்களில் எத்தனையைக் குறைத்தாலும் இந்தச் சாதனை குறையாது. வரலாற்றில் அவர் பெயரைப் பட்டியலின் தலையில் எழுதுவதா என்று சண்டை போடலாம். இந்த ஆட்டத்தின் இலக்கணத்தில் அவருக்கு ஓர் அத்தியாயம் உண்டு என்பதில் சண்டைக்கு இடமில்லை.